நான்காவது பெயர்

பிப்ரவரி 12, வியாழன். காலை 6.20. நேற்றைய பட்டியலில் ஒரு தவறு. ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு என்பதை மூன்று என்று எழுதிவிட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன், மூன்று முறையும் சரியாகத்தான் தெரிந்தது. வண்டியைப் பாலத்தில் பதினேழு நிமிடம் நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்தவருக்கு மூச்சுத்திணறல். இந்த வேலைக்கு நான் சரியான ஆள்தானா என்று தெரியவில்லை. இன்று நோயாளிகள் நான்கு பேர். நான்காவது அப்பா.

இதைச் சின்னவள் தன் நோட்டில் எழுதி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. சின்னவள் வெந்நீரில் துணியை நனைத்து அப்பாவின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டிய கை. ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் வெயிலில் கறுத்திருந்தது. மற்றது வேறு யாருடையதோ போல வெளுத்திருந்தது. காலையில் அந்த வெளுத்த கையை நீட்டித்தான் தண்ணீர் கேட்டார். அவள் தம்ளரோடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணன் உள்ளே வந்தான். ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அவன் பொறுப்பு, விரல்களில் கிரீஸ் அப்படியே இருந்தது. அப்பாவின் காலைத் தொடப் போனவன், தன் கையைப் பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“ரெண்டு மணி வண்டிக்கு அப்பா பேரு இருக்குல்ல?”

“இருக்கு.”

“ரெண்டு பக்கமும் சரின்னு சொல்லிட்டாங்கதானே?”

“நேத்து சாயங்காலமே.”

“அப்போ ஏத்திக் கொண்டுபோயிடலாம். அம்மா அந்தக் கரையில காத்துக்கிட்டிருக்கா. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டா தூங்குற மாதிரிதான் இருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?”

“பட்டியல்ல நோயாளின்னு எழுதியிருக்குண்ணா.”

“நேத்து வரைக்கும் நோயாளிதானே. ஒரே நாள்ல என்ன மாறிப்போச்சு?”

கேட்டுவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஊரின் நடுவில் ஆறு. சண்டை தொடங்கிய பிறகு இந்தக் கரை ஒரு தரப்பிடமும் அந்தக் கரை இன்னொரு தரப்பிடமும் இருந்தது. அறுபது கட்டில் கொண்ட இந்தச் சின்ன ஆஸ்பத்திரி இங்கே, ஆபரேஷன் செய்யும் பெரிய ஆஸ்பத்திரி அங்கே. அப்பாவின் வீடும் அங்கேதான். இடையில் ஒரே ஒரு பாலம். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் சின்னவள் ஒரு பட்டியலை இரண்டு தரப்புக்கும் அனுப்ப வேண்டும். வண்டி எண், பணியாளர், நோயாளிகள், மருந்து. இருவரும் சரி என்றால் மறுநாள் இரண்டிலிருந்து மூன்று வரை துப்பாக்கிகள் ஓய்ந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கு வேலியும் மதிலும் எல்லாம் அவள் எழுதிய அந்த ஒற்றைத் தாள்தான்.

தாளில் இல்லாத ஒரு குண்டூசியைக்கூட அப்பா ஏற்றியதில்லை. சண்டை வந்த புதிதில், இங்கே மாட்டிக்கொண்ட தன் குக்கரைக் கொண்டுவரும்படி அம்மா கேட்டாள். “குக்கருக்கு உடம்புக்கு என்ன?” என்றார் அப்பா. “வாஷர் போச்சு, விசில் வரமாட்டேங்குது. அட்மிட் பண்ணுங்க” என்றாள் அம்மா. ஒரு மாதம் அவள் பேசவில்லை. குக்கரும் போகவில்லை.

எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் தலைமை நர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

“மாத்தணும்னு இப்பச் சொன்னா மொத்தப் பட்டியலையும் நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க. அந்த ரெண்டு நாள் குழந்தைக்குப் பால் இறங்க மாட்டேங்குது, இன்னைக்கே கீறியாகணும். சொல்லாம போனா, பாலத்துல எவனாவது போர்வையைத் தூக்கிட்டா...” பெரியக்கா சின்னவளிடம் திரும்பினாள். “கையெழுத்து நான் போடுறேன். எழுதுறவ நீ. நீ சொல்லு.”

சின்னவளுக்குத் தன் மேலேயே சந்தேகம். நேற்று தப்புச் செய்த பயத்தில்தான் இன்று நேர்மை பேசுகிறோமோ? பெற்ற தகப்பனை வீடு சேர்ப்பதைவிட ஒரு தாள் சுத்தமாக இருப்பது பெரிதா? துணியைப் பிழிந்தாள். கிண்ணத்தை ஓரமாக வைத்தாள்.

“சொல்லிடுறேன்க்கா.”

“அவரு உனக்கு மட்டும் அப்பா இல்ல” என்றான் அண்ணன்.

“தெரியும்ணா.”

முதலில் இந்தக் கரைக்குப் போன் போட்டாள். அதிகாரி எதையோ மென்றுகொண்டே கேட்டார். “எண்ணிக்கை குறைஞ்சா எங்களுக்கு என்ன? பாடியும் போகட்டும். அவங்க சரின்னா சரி.”

அந்தக் கரையில் எடுத்தவர் மெல்லுகிற ரகம் இல்லை.

“இறந்தவரை எந்தக் கட்டத்துல போடுவீங்க?”

“கட்டம் இல்லீங்க. பணியாளர், நோயாளி, மருந்து, மூணுதான்.”

“இவரு மூணுலயும் வரலையே.”

“இல்லீங்க. போன வாரம் வரைக்கும் பணியாளர். இன்னைக்குக் காலையில வரைக்கும் நோயாளி.”

“அந்த வயசான டிரைவரா? ஹாரனே அடிக்க மாட்டாரே.”

“அவருதாங்க.”

“நீங்க?”

“பொண்ணு.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் ஓசை மட்டும் கேட்டது. “மேல கேக்கணும். நான் சொல்ற வரைக்கும் வண்டி புறப்பட வேண்டாம்.”

மணி பத்து இருபது.

அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் வேலை ஓடவில்லை. மருந்தறைக்காரர் ஒன்றுமில்லாத காரியத்துக்கு ஐந்து தடவை வந்து போனார். அப்பா படுத்த நாளிலிருந்து வண்டி ஓட்டும் மொட்டை, துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தான். போன் ஒரு தடவை அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மா.

“கிளம்பியாச்சா?”

சின்னவள் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாததால் நேராகவே சொன்னாள்.  அம்மாவுக்குப் பின்னால் எங்கோ தண்ணீர்க் குழாய் திறந்து ஓடுவது கேட்டது.

“வலிச்சுதா?”

“இல்லம்மா. தண்ணி கேட்டாரு.”

“குடிச்சாரா?”

சின்னவள் சுவரைப் பார்த்தாள். “இல்லம்மா.”

“சரி. ரெண்டு மணிக்கு நான் பாலத்துக்கு வரேன்.”

“வேணாம்மா. இன்னைக்கு விடுவாங்களான்னு தெரியல. கேட்டிருக்கேன்.”

“கேட்டியா? கேட்டா எவன் விடுவான்?” அம்மா மூக்கை உறிஞ்சினாள். “அப்படியே அவரு பொண்ணு நீ. போனை வை, அவங்க கூப்பிடப்போறாங்க.”

ஒன்றரை ஆயிற்று. குழந்தையின் தாய் பையைத் தோளில் மாட்டியபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சின்னவளையே பார்த்தாள்.  அப்பா செத்ததைவிட மணி ஓடுவதுதான் சின்னவளுக்குப் பெரிதாக இருந்தது. அதை நினைத்ததும் முகம் சுட்டது.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

“மூணு பேருக்குச் சரி. நாலாவது ஆளுக்கு மேலேருந்து பதில் வரல. அவரை விட்டுட்டு வரச் சொல்லுங்க. நேரம் மாறாது, சரியா மூணுக்கு முடிஞ்சிடும்.”

அவள் படியில் ஓடவில்லை, விழுந்துகொண்டே இறங்கினாள். ஒரு செருப்பு மேல்படியிலேயே நின்றுவிட்டது.

“மூணு பேரு. மூணு பேருக்குச் சரி. ஏத்துங்க.”

முற்றமே கிளம்பிவிட்டது. குழந்தையும் தாயும் முன்னால், காலில் உலோகத்துண்டு பாய்ந்த தச்சர் அவர்களுக்குப் பின்னால். கடைசியில் சிறுநீரகம் பழுதான கிழவரின் ஸ்ட்ரெச்சர். அது வராந்தா முனையில் நின்றுபோயிற்று. அங்கே வழியை அடைத்துக்கொண்டு இன்னொரு ஸ்ட்ரெச்சர் நின்றது. அண்ணன் எப்போது கொண்டுவந்தானோ, கழுத்துவரை போர்வை இழுத்துவிட்டு, தலைமுடியைக்கூடச் சீவிவிட்டு, அப்பாவை வண்டிக்கு நேராக நிறுத்தியிருந்தான்.

சின்னவள் ஒற்றைச் செருப்போடு எதிரே வந்து நின்றாள். 

அண்ணன் அவளைப் பார்த்தான். கிழவரைப் பார்த்தான். பிறகு குனிந்து சக்கரத்தின் பிரேக்கைக் காலால் தட்டி எடுத்து, அப்பாவைப் பின்னுக்கு இழுத்து, சுவரோரம் ஒதுக்கினான். அதே கையோடு கிழவரின் தலைமாட்டைப் பிடித்தான்.

“தூக்குடா மொட்டை, வேடிக்கை பாக்காத.”

ஒன்று ஐம்பத்தொன்பதுக்கு வண்டி வாசலைத் தாண்டியது.

ஆஸ்பத்திரி மாடியிலிருந்து பாலம் தெரியும். கூட்டமே மேலே ஏறிவிட்டது. வெள்ளைக் கொடி படபடக்க வண்டி இந்தக் கரைக் காவலைக் கடந்தது. பாலத்தின் நடுவே வந்தது. எங்கும் ஒரு வெடிச்சத்தம் இல்லை. ஆற்றின் சலசலப்புகூடக் கேட்டது. அந்தக் கரைக் காவலில் வேகம் குறைந்தது. சின்னவள் நோட்டைத் திறந்து நிமிடங்களுக்குக் கோடு போடத் தயாரானாள். முதல் கோட்டைப் போடும் முன்பே காவல்காரன் வண்டிக்குள் தலை நீட்டாமலே கையை அசைத்தான். வண்டி போய்விட்டது.

மருந்தறைக்காரர் கை தட்டினார். பெரியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் அண்ணன் சிரிக்கவில்லை.

“திறந்துகூடப் பாக்கல” என்றான். “பாத்தியா? கதவைக்கூடத் திறக்கல. இப்ப அம்மாகிட்ட சேர்ந்திருப்பாரு.”

 அது உண்மை.

இரண்டு ஐம்பதுக்கு வெறும் வண்டியோடு மொட்டை திரும்பினான். இறங்கியதும் குழந்தையை நேராக ஆபரேஷன் அறைக்கே கொண்டுபோனதைச் சொன்னான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். பிறகு அண்ணன் கேட்டான்.

“ஏண்டா, இன்னைக்கு என்ன, செக் பண்ணவே இல்லையா?”

“நான்தான் கதவைத் திறக்கப் போனேண்ணே. அந்த ஆளு வேண்டாம்னுட்டான். ‘செத்தவரைக்கூட மறைக்காம போன் போட்டுச் சொல்ற ஆளுங்க, உள்ளே என்னத்தைப் பாக்குறது, போ போ’ன்னான். நேத்து இதே ஆளுதான் பதினேழு நிமிஷம் நிறுத்தினான்.”

 அண்ணன் வராந்தாவுக்குப் போய் அப்பாவின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, கழுத்தளவில் நின்ற போர்வையை முகத்துக்கு மேலே இழுத்து, நுனியைச் சுருக்கமில்லாமல் தடவிவிட்டான்.

நாலே காலுக்கு அந்தக் கரையிலிருந்து போன் வந்தது. நாளைய பட்டியலில் சேர்த்து எழுதலாம். கட்டம் அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

சின்னவள் புதுத் தாளை எடுத்தாள். பணியாளர், நோயாளி, மருந்து. மருந்துக்குப் பக்கத்தில் அடிக்கோலை வைத்து இன்னொரு கோடு இழுத்தாள். எவ்வளவு அகலம் என்று தெரியவில்லை. ஒரு பெயர் எழுதும் அளவுக்கு வைத்தாள். யோசித்தாள். அழித்துவிட்டுக் கொஞ்சம் அகலமாகவே இழுத்தாள். அப்பாவின் முழுப்பெயரை எழுத்தெழுத்தாக நிரப்பினாள். நான்கு முறை சரிபார்த்தாள். ஆறு அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது இரண்டு தரப்புக்கும் அனுப்பிவிட்டு நோட்டைத் திறந்தாள்.

நாளை, 13, வெள்ளி. 2.00 மணி வண்டி. நோயாளிகள் 2, இறந்தவர் 1. உடன் அண்ணன், நான். 1.30க்குள் அப்பாவை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும்.