நீல விளக்கில் பார்த்த நிறம்

கூடத்தில் மூன்று வாரமாக ஒரு மீன்தொட்டி மீன் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடலுப்பு கரைத்த நீர், துளைத்துளையான பாறைகள், பம்பு, மேலே பவளத்துக்கான நீல விளக்கு எல்லாம் தயார். வாங்கியவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் துணிக்கு ஏற்ற நிறத்தைப் பொறுக்கித் தருவது துணிக்கடையில் அவர் வேலை. அங்கே அவருக்கு ‘மேட்சிங்’ என்றே பெயர்.

“பாறையில நுண்ணுயிர் குடியேறணும் சார். அதுக்கு முன்னாடி விட்டா, மீனோட கழிவே மீனுக்கு விஷம்,” என்று மீன்கடைக்காரர் சொல்லி, சோதனைக் குப்பி ஒன்றும் கொடுத்திருந்தார். தொட்டி நீரில் மருந்துச் சொட்டு விட வேண்டும். ஊதா காட்டினால் பொறுக்க வேண்டும். வெளிர்நீலம் காட்டினால் மீன் விடலாம். மேட்சிங் கண்வைத்த கோமாளி மீன் ஜோடிக்கு ஒரு பல் டாக்டரும் காத்திருந்தார். சனிக்கிழமை தாண்டினால் ஜோடி அவருக்கு.

மேட்சிங் காலை, மதியம், மாலை என்று சோதித்தார்.

“இப்படிச் சோதிச்சுச் சோதிச்சே தொட்டி காலியாயிடும்,” என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை குப்பியைத் தொட்டி விளக்கடியில் பிடித்தார். நீலம்! உடனே மீன்கடைக்குப் போன் போட்டு, பதினொரு மணிக்கு மீனைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

கடையில் ஒரு பெண்மணி திரைச்சீலைத் துண்டோடு வந்தாள். அவர் எடுத்துப் போட்ட துணியைப் பார்த்ததும், “இதுவே சரியா இருக்குண்ணே, வெட்டிடுங்க,” என்றாள்.

“வெளிய வெயில்ல ஒரு தடவை பார்த்துடுங்கம்மா. விளக்குல ஊதாகூட நீலமாத் தெரியும்.”

தினம் பத்துப் பேரிடம் சொல்வதுதான். இன்று சொன்ன வாய் அப்படியே திறந்திருந்தது.

“என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

மனைவி போனை எடுக்கவில்லை. மீன்கடைக்காரருக்கு அடித்தார். அதற்கும் பதிலில்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. முதலாளியிடம் என்ன சொன்னோம் என்றே தெரியாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

அவர் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மீன் பை தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. மீன்கடைக்காரர் பையின் முடிச்சில் கத்தரிக்கோலை வைத்திருந்தார்.

“வெட்டாதீங்க!”

புதிதாக நீர் எடுத்து, சொட்டு விட்டு, பால்கனியில் நின்று குலுக்கினார். நிறம் தெரிய ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் நாலு முறை தூக்கிப் பார்த்தார். வெயிலில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஊதா.

“காலையில நீலம்னீங்களே?”

“தொட்டி விளக்குல பார்த்தேன்.”

மீன்கடைக்காரர் சிரித்துவிட்டார். “நிறம் பார்க்கிறதுதானே சார் உங்க பொழப்பு!”

“ஊரார் துணிக்கெல்லாம் வெயில். வீட்டுத் தண்ணிக்கு விளக்கு,” என்றாள் மனைவி.

“இன்னும் ஒரு வாரம் ஜோடியை வச்சிருங்களேன்,” என்றார் மேட்சிங்.

“டாக்டர் நாலு தடவை கூப்பிட்டுட்டார் சார். அவர் தொட்டி ஆறு மாசமா ஓடுது. சொன்ன சொல்லை மாத்த முடியாது.”

பையில் பெரிய மீன் பிளாஸ்டிக்கை முட்டிக்கொண்டிருந்தது. சின்னது அதன் வாலோடு ஒட்டி நின்றது.

“ஊதா கொஞ்சம் வெளிறித்தானே இருக்கு?”

“உங்க கண்ணு சார். நீங்களே சொல்லுங்க.”

மேட்சிங் குப்பியை மறுபடி வெயிலுக்குத் தூக்கினார். நெடுநேரம் பார்த்தார்.

“எடுத்துட்டுப் போங்க.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேட்சிங் முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, ஆடாமல் நின்ற ஒரு பாறையை ஆட்டிப் பார்த்தார்.

“கையை வெளிய எடுங்க.”

“இது லேசாச் சாஞ்ச மாதிரி...”

“ஏங்க!”

எடுத்தார். உப்புநீர் தரையில் சொட்டியது. மனைவி அவரிடம் துண்டைக் கொடுத்துவிட்டுக் குப்பியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இனிமே நானே பார்த்துச் சொல்றேன். வாரத்துக்கு ஒரு தடவை.”

“ரெண்டு தடவையாவது...”

“கடைக்குக் கிளம்புங்க.”