நாலாம் பக்கம்

முனைவர் பட்டத்துக்காக வெளிநாடு போக அவளுக்கு இரண்டு வழி இருந்தது. மாணவர் விசாவில் அவள் மட்டும் போகலாம். ஆராய்ச்சியாளர் விசாவில் கணவனையும் கூட்டிப் போகலாம். இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாமென்று பல்கலைக்கழகக் கடிதத்தின் நாலாம் பக்கம் பளிச்சென்று சொன்னது.

வீட்டில் அவள், "மாணவர் விசாதான் குடுப்பாங்களாம். நான் என்ன செய்ய?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டாள். கொஞ்ச காலம் தனியாக இருக்க ஆசை, அவ்வளவுதான். அவன்மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை. அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

கணவன் ஜெராக்ஸ் கடைக்காரன். நாலாம் பக்கத்தை உருவிவிட்டுத்தான் கடிதத்தை நகலெடுக்கக் கொடுத்தாள்.

விசா அலுவலக ஜன்னலில் இருந்த பெண் தாள்களைப் புரட்டினாள். "வீட்டுக்காரரும் வரலாம்னு நாலாம் பக்கத்துல இருக்கே மேடம். ஆராய்ச்சியாளர் விசாவே கேக்கலாமே?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னால் நின்ற கணவன் மெல்லச் சொன்னான்: "ஒரு பக்கம் குறைஞ்சுது. நீ கடைக் கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சிருந்தியே, அதுலேர்ந்து எடுத்துச் சேத்துட்டேன். பக்கம் எண்ணாம நான் எதையும் பின் அடிக்கிறதில்ல."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"மாணவர் விசாவே போடுங்க. இவங்க தனியாத்தான் போறாங்க."

கல்யாணமான நாளிலிருந்து யாரிடம் பேசினாலும் அவளை 'இவ' என்றே சொல்லிவந்தவன் அவன்.