சீக்கிரம் வந்த சம்பந்தி

என் நிச்சயத்துக்கு நாப்லுஸிலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் இஸ்ரேல் ராணுவச் சோதனைச் சாவடியில் காய்ந்து கருவாடாகி, மாலையில்தான் வந்து சேருவார்கள் என்று நம்பி, ஈரத் தலையோடு திராட்சை இலையில் அரிசி சுருட்டிக்கொண்டிருந்தேன். காலையிலேயே வந்து கதவைத் தட்டினார்கள்.

"என்ன சம்பந்தி, சிப்பாய்ங்க உங்கள நிறுத்தவே இல்லையா?" என்றார் அப்பா, சவரம் பாதியில் நிற்க.

"போங்கன்னு கையைக் காட்டிட்டானுங்க. மன்னிச்சுக்குங்க," என்று மாப்பிள்ளையின் அப்பா நெளிந்தார்.

"கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சாத்தான் என்னவாம்!" என்று அடுப்படியில் அம்மா பொரிந்தாள்.

நிச்சயம் முடிந்து, சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அம்மா மறுபடியும் உலை வைத்தாள்.

"யாருக்கும்மா?"

"உன் மாமனார் வீட்டுக்குத்தான். வரும்போது விட்டானுங்கல்ல? போகும்போது விடமாட்டானுங்க."

அரிசி வெந்துகொண்டிருந்தபோதே வாசலில் அவர்கள் கார் வந்து நின்றது.