தினமும் இரண்டு கிலோமீட்டர் அதிகம்

கடைகளில் இருக்கும் எடை மெஷின்களைச் சோதித்து முத்திரை வைப்பது என் உத்தியோகம். பதினாறு வருஷமாக இதையே செய்கிறவனிடம் யாராவது "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால், எதற்காகக் கேட்கிறான் என்றுதான் முதலில் தோன்றும். அது வியாதி என்பாள் என் மனைவி. அனுபவம் என்பேன் நான்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்வது. முழங்கால் வீங்கி, இரண்டு பஸ் மாறிப் போய்வருவதே பெரும்பாடாகிவிட்டது. அப்போதுதான் பால்கனியில் துருப்பிடித்துக் கிடந்த என் பழைய கியர் சைக்கிளை இறக்கினேன். மலையேறுகிறேன் பேர்வழி என்று கல்யாணத்துக்கு முன் வாங்கிய தடி டயர் சைக்கிள். மலையை அது பார்த்ததே இல்லை.

அதைக் கரண்ட் சைக்கிளாக மாற்ற ஆர்டர் போட்டேன். மோட்டார் வைத்த பின்சக்கரம், பேட்டரி, ஹேண்டிலில் மாட்டும் சின்னத் திரை, கொத்துக் கொத்தாக வயர், எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. சக்கரம் சட்டத்துக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அரம் வைத்துத் தேய்த்தேன். மட்கார்டு, கேரியர், முன்விளக்கு எல்லாம் மாட்டினேன். திரையில் 'தொழிற்சாலை அமைப்பு' என்று ஒரு பக்கம் இருந்தது. அதை மட்டும் தொடவில்லை. செய்தவன் முத்திரையிட்டு அனுப்பியதில் கைவைக்கக் கூடாது என்பது என் தொழில் பழக்கம்.

முதல் நாள் வேலைக்குப் போய்வந்தவள் முகம் பூத்திருந்தது. "பாலத்து மேட்டுல கூட கால் வலிக்கலைங்க! பின்னாடி யாரோ கை வெச்சுத் தள்ற மாதிரி இருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் சார்ஜ் போடுவது என் பொறுப்பு. அன்றைக்கு ஓடிய தூரம் திரையில் தெரியும். அங்கேதான் எனக்கு மூக்கில் வேர்த்தது. வீட்டிலிருந்து பட்டறை ஒன்பது புள்ளி இரண்டு கிலோமீட்டர். மேப்பில் பார்த்து வைத்திருந்தேன். போகவர பதினெட்டு புள்ளி நான்கு. திரை இருபது புள்ளி ஐந்து என்றது. மறுநாளும் அதே. வாரம் முழுக்க அதே.

இரண்டு கிலோமீட்டர். போக ஒன்று, வர ஒன்று.

பாலம் இறங்கியதும் இடது பக்கம் திரும்பினால் சரியாக ஒரு கிலோமீட்டரில் இருப்பது யார் வீடு என்று எனக்குத் தெரியாதா? அவள் அண்ணன் வீடு. மச்சானுக்குப் பழக்கடை. மூன்று வருஷத்துக்கு முன் அவர் கடைத் தராசு கிலோவுக்கு நாற்பது கிராம் கூட்டிக் காட்டியது. சொந்தக்காரன் என்று விட்டால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? மெஷினைப் பூட்டிச் சீல் வைத்தேன். "சத்தியமா எனக்குத் தெரியாது மாப்பிள்ளை, மெஷின் கோளாறு" என்று தலையில் அடித்துக்கொண்டார். "மெஷின் பொய் சொல்லாது. ஆளுதான் சொல்வான்" என்றேன், வாடிக்கையாளர்கள் எல்லாரும் நிற்கும்போதே. அதோடு பேச்சு அறுந்தது. நீயும் அந்தப் படி மிதிக்கக் கூடாது என்றேன் மனைவியிடம். அழுதாள். ஆனால் சரி என்றாள்.

இப்போது இந்தத் திருட்டுத்தனம்! கேள்விகளைச் சுற்றி வளைத்துப் போட்டேன்.

"எந்த வழியா வரே?"

"எப்பவும் வர்ற வழிதான்."

"நடுவுல எங்கயும் நிக்கிறதில்லையா?"

"சிக்னல்ல நிப்பேன்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன். ஒருநாள் சைக்கிள் பையில் இரண்டு ஆரஞ்சுப் பழம் இருந்தது. பட்டறை வாசலில் விற்கிறார்கள் என்றாள். பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஏதோ அதில் மச்சான் கையெழுத்துப் போட்டிருப்பார் போல.

வெள்ளிக்கிழமை வாய் சும்மா இருக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் குட்டை உடைத்தேன். "தினமும் உங்கண்ணன் வீட்டுக்குப் போய்ட்டுத்தானே வரே? என் தலையை உருட்டத்தானே?"

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "யார் சொன்னா?"

"மீட்டர் சொல்லுது."

சோற்றைத் தட்டிலேயே போட்டாள். "மூணு வருஷமா அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். அண்ணி ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட நான் திரும்பலை. உங்களுக்குக் கொடுத்த வார்த்தை." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நான் நம்பவில்லை. மறுநாள் சனிக்கிழமை, அவளுக்கு விடுமுறை. பிரேக் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, கையும் களவுமாகப் பிடிப்பதற்குக் கணக்கு வேண்டுமே என்று நானே சைக்கிளை எடுத்தேன். எங்கும் திரும்பாமல் நேராகப் பட்டறை வாசலுக்குப் போனேன். திரை பத்து புள்ளி மூன்று என்றது. முதலில் மேப்பைச் சந்தேகப்பட்டேன். பிறகு சாலையைச் சந்தேகப்பட்டேன். வீடு வந்து சேர்ந்தபோது இருபது புள்ளி ஐந்து.

நான் தொடாமல் விட்ட அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சக்கர அளவு: இருபத்தொன்பது அங்குலம். குனிந்து டயரைப் பார்த்தேன். இருபத்தாறு என்று எழுதியிருந்தது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும், ஓடாத தூரத்தையும் சேர்த்து மீட்டர் எழுதிக்கொண்டிருந்தது. தினமும் ஒரே அளவு தப்பு என்றால் கோளாறு கருவியில் என்பது என் தொழிலில் முதல் பாடம். மச்சானின் தராசும் எந்தப் பழத்தை வைத்தாலும் கிலோவுக்கு அதே நாற்பது கிராம்தான் கூட்டியது. அன்றைக்கு அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

இருபத்தாறு என்று மாற்றிவிட்டு அடுக்களைக்குப் போனேன். "தப்பு மீட்டர் மேலதான். சரி பண்ணிட்டேன்" என்று அசடு வழிந்தேன்.

அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அப்போ நான் போகலைன்னு மெஷினே சொல்லிடுச்சா?"

"ஆமா."

"நான் சொன்னது பத்தலை."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்காமல் பேட்டரியைச் சார்ஜில் போடப் போனேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு அவள் வரவில்லை. அரைமணி போனது. இன்னொரு அரைமணியும் போனது. வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தேன். மணிச்சத்தம் கேட்டு ஓடினேன். நிதானமாக இறங்கி, ஸ்டாண்டு போட்டாள். முகம் அழுது தெளிந்திருந்தது.

"அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்றாள். குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. "போகாமலே பேச்சு வாங்கியாச்சு. இனிமே போய்ட்டே வாங்கிக்கறேன். எவ்வளவு காட்டுதுன்னு வேணும்னா பாருங்க."

நான் திரையைப் பார்க்கவில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "என்னைப் பத்தி அங்க என்ன சொன்னே?"

கேட்ட கணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

"கால் வலிக்குதுன்னு எனக்காக ரெண்டு வாரம் உட்கார்ந்து இந்தச் சைக்கிளைப் பண்ணிக் கொடுத்தார்னு சொன்னேன்" என்றாள்.