மூன்றாவது பாட்டு

‘பாட்டுப் புத்தகம்’ பத்திரிகை நின்றுபோகிற சேதி வந்தபோது பல்செட்டுக்காரியின் கையில் யாரோ ஒரு பெரியவரின் மேல்தாடை இருந்தது. ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக ஊன்றிக்கொண்டிருந்தாள். தபாலில் வந்த இதழை லேப் முதலாளி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரம்வரை அதைத் தொடுவதில்லை என்பது அவள் வைத்திருந்த கட்டுப்பாடு. அன்றைக்குக் கை பரபரத்தது. உறையைக் கிழித்து, அட்டையைக்கூடப் பார்க்காமல் நேரே நாற்பத்திரண்டாம் பக்கத்துக்குப் போனாள். அங்கே கட்டம் கட்டி நாலு வரி போட்டிருந்தார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக வந்த பத்திரிகை இந்த இதழோடு நிற்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசகர்கள் அலுவலகத்துக்கு வரலாம். நினைவாக எதையாவது எடுத்துப்போகலாம்.

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் ஆகிவிட்டது அவளுக்கு. நாலு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தாள். படிக்கப் படிக்க வரி மாறிவிடுமா என்ன? பிறகு வேலையைத் தொடர்வதாக நினைத்துக்கொண்டு வலப்பக்கத்துக் கோரைப்பல்லை இடப்பக்கத்தில் ஊன்றினாள். பதினெட்டு வருஷத்தில் அப்படியொரு தப்பை அவள் செய்ததில்லை. முதலாளி அதைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டு, கட்டத்தையும் படித்தார். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, இப்போதுதான் எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கிறதே, கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே, அதைப் பற்றி எழுதினதை யார் படிப்பார்கள் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவளுக்கு முப்பத்தோராம் வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பதினொரு நாள் படுத்திருந்தாள். உயிரை விட்டுவைத்த காய்ச்சல் காதை எடுத்துக்கொண்டு போயிற்று. கருவி வைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. பேச்சு போகவில்லை, சத்தத்தின் அளவு மட்டும் அவளுக்கே தெரியாமல் ஏறி இறங்கும். எதிராளியின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துவிடுவாள். மீசைக்காரர்கள் மட்டும் அவளுக்கு ஜென்ம விரோதிகள்.

ஆனால் பாட்டு? அதுதான் அவளுக்குப் பெரிய இடி. காய்ச்சலுக்கு முன்பு பாட்டில்லாமல் பல்கூடத் துலக்காதவள். தங்கை பாவம், தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். புதுப் பாட்டு வந்தால் கேட்டுவிட்டு வந்து சொல்வாள். எப்படி இருக்கிறது என்றால் நல்லா இருக்கு என்பாள். இன்னும் சொல்லு என்றால் ரொம்ப நல்லா இருக்கு என்பாள். மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், அவளிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அப்போது கிடைத்ததுதான் பாட்டுப் புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கம். அதில் புதிய இசைத்தட்டுகளைப் பற்றி எழுதியவர் ‘கடைசி வரிசை’ என்று கையெழுத்துப் போடுவார். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் எழுதினால் பாட்டு காகிதத்திலிருந்து எழுந்து உட்காரும். எந்த வாத்தியம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பாடகிக்கு எந்த வரியில் தொண்டை கட்டியது, எல்லாம் இருக்கும். பல்செட்டுக்காரி படிப்பாள், கண்ணை மூடுவாள், கேட்பாள். ஆமாம், கேட்பாள். பதினோரு வருஷமாக அவள் அப்படித்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதில் ஒன்று அவளுக்கு உயிர். ஆறு வருஷத்துக்கு முன் வந்த தட்டில் மூன்றாவது பாட்டு. பாடகி புதியவள், இவளுடைய காய்ச்சலுக்குப் பிறகு பாட வந்தவள். அவள் குரலைப் பல்செட்டுக்காரி கேட்டதே கிடையாது. பாட்டு வெறும் பலகைத் தரையில் ஒரு கால் தட்டுவதில் தொடங்குகிறது என்று எழுதியிருந்தார். வயலின் தாமதமாக, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தவரைப்போல மூச்சு வாங்கிக்கொண்டு சேர்கிறது. கடைசி வரிக்கு முன்னால் எல்லாம் நின்றுவிடுகிறது. எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வரும் நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பாடகி ஒரு மூச்சு இழுத்து, அந்த ஒரு வரியை ஒரே ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோலப் பாடி முடிக்கிறாள்.

தினமும் பஸ்ஸில் அந்தப் பாட்டை மனசுக்குள் போட்டுக்கொள்வாள். பாட்டில் எல்லாம் நின்றுவிடும் அந்த நிறுத்தத்தில் அவள் கண் நிறையும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் இவள் ஏன் சும்மா உட்கார்ந்துகொண்டு கண் கலங்குகிறாள் என்று பார்ப்பார்கள். ஊமை கண்ட கனவு மாதிரி, யாரிடமும் அவள் சொன்னதில்லை. தங்கையிடம்கூட அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்கச் சொன்னதில்லை. எங்கே அவள் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

இப்போது சொல்லுங்கள், மற்றவர்களுக்கு நின்றது ஒரு பத்திரிகை. இவளுக்கு?

ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கூட்டிக்கொண்டு போனாள். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அலுவலகம். அறுபது, எழுபது பேர் வந்திருந்தார்கள். இழவு வீட்டுக்கு வந்தவர்கள்போல, உட்காரத் தெரியாமல் நிற்கத் தெரியாமல் பேயறைந்த முகத்தோடு சுவரோரமாக நின்றார்கள். ஒருவர் இருபத்தாறு வருஷத்து இதழ்களையும் பைண்டு செய்து வைத்திருப்பதாகச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினார். கடிதப் பக்கத்தில் சண்டை போட்டே கல்யாணத்தில் முடிந்த ஒரு தம்பதி, கைகோத்தபடி காலி மேஜையை வெறித்தார்கள். எப்படி நிறுத்தலாம், நம்பவே முடியவில்லை என்பதுதான் எல்லார் வாயிலும். போன மாத இதழைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கையைத் தூக்குங்கள் என்று யாராவது கேட்டிருந்தால் கூட்டம் பாதியாக வடிந்திருக்கும். சாவு வீட்டில் அதெல்லாம் கேட்கிற வழக்கமில்லை.

பத்திரிகையை நடத்திய ஆசிரியர் அம்மா, மெலிந்த பெண்மணி, ஒரு பெரிய ஸ்பீக்கரை மேஜைமேல் தூக்கி வைத்தார். இந்தப் பத்திரிகை வழியாக உங்களுக்குக் கிடைத்த பாட்டை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள், போட்டுக் கேட்போம், அழுதுகொண்டு பிரிய வேண்டாம் என்றார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தங்கை முழங்கையால் இடித்தாள். இனி எப்போது சொல்வது? வாயைத் திறந்து, அந்தப் பாடகியின் பெயரையும் தட்டையும் சொல்லி, அதில் மூன்றாவது பாட்டு என்றாள். கொஞ்சம் உரக்கத்தான் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, எல்லாரும் திரும்பினார்கள். நாலைந்து தலைகள் ஆடின. பைண்டுக்காரருக்கு மீசை இல்லை. அவர் சொன்னதை அவள் முழுசாகப் பிடித்தாள்.

“கடைசி வரிக்கு முன்னாடி ஒரு நிறுத்தம் வரும் பாருங்க, உயிரே போயிரும்.”

அவளுக்குச் சிலிர்த்துவிட்டது. தன்னுடைய பாட்டை இன்னொருவரும் கேட்டிருக்கிறார்! மேஜைக்குப் பக்கத்தில் போய் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்தாள். லேப்பில் மெருகு மோட்டாரின் சுமை கூடுவதையும் குறைவதையும் கையாலேயே கண்டுபிடிக்கிறவள் அவள். கால் தட்டுவது எப்படியும் தெரியும், நிறுத்தமும் தெரியும் என்று நினைத்தாள்.

பாட்டு தொடங்கியது. உள்ளங்கையில் மடமடவென்று அடி விழுந்தது. தனியாக ஒரு கால் அல்ல, எடுத்த எடுப்பிலேயே பத்து முரசு. வேறு பாட்டைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். பொறுத்தாள். அடி நிற்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மூன்று. பைண்டுக்காரர் கண்ணை மூடி, தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தத்துக்காகக் காத்திருந்தாள். கைக்குக் கீழே பெட்டி கடைசிவரை ஒரு இமைப்பொழுதுகூட ஓயாமல் அதிர்ந்து, ஒரேயடியாக அடங்கிப்போனது. கைதட்டினார்கள்.

“நடுவுல நின்னுச்சாடி?” என்று தங்கையைக் கேட்டாள்.

“எங்கக்கா நின்னுச்சு? முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே கொட்டு.”

பாட்டு மாறிவிட்டது, மறுபடி போடச் சொல் என்றாள். தங்கை போனில் பெயரைக் காட்டினாள். அதே பாடகி, அதே தட்டு, மூன்றாவது பாட்டு. அதற்கு ஒரு வடிவம்தான் உண்டு, வேறில்லை. பல்செட்டுக்காரி பைண்டுக்காரரைப் பார்த்தாள். நின்றதா என்று அவரிடமும் கேட்டாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

கடைசி வரிசை எங்கே என்று கேட்டாள். ஆசிரியர் அம்மா அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே காகிதக் கட்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தார். அறுபது வயது இருக்கும், சட்டைப்பையில் மூன்று பேனா, உதடே தெரியாமல் அடர்ந்த மீசை. பதினோரு வருஷம் அவளுக்குக் காதாக இருந்தவர் அவர்தான். அவர் ஏதோ சொன்னார். மீசை அசைந்ததே தவிர ஒன்றும் விளங்கவில்லை. அவர் பையிலிருந்த பேனாவை அவளே உருவி, ஒரு பழைய அச்சுத்தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். அந்தப் பாட்டில் நிறுத்தம் எங்கே என்று கேட்டாள்.

அவர் முகம் வெளுத்தது. பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு எழுதினார்.

‘அந்த வாரம் பதினாலு தட்டு வந்தது. அச்சுக்குப் போக இரண்டு மணி நேரம் இருந்தது. அதைக் கேட்கவில்லை. அட்டையைப் பார்த்து எழுதினேன்.’

அவள் படித்தாள். எழுத்து அழகான எழுத்து. இன்னும் எத்தனை இப்படி என்று கேட்டாள். ‘பாதிக்கு மேல் இருக்கும்’ என்று எழுதினார். எந்தப் பாதி என்றாள். அவர் தலையை ஆட்டினார். ‘நினைவில்லை.’

அந்த ஒரு வார்த்தைதான் அவளை அடித்துப் போட்டது. பாட்டு ஒன்று பொய் என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். எது பொய், எது மெய் என்று சொல்ல இந்த உலகத்தில் ஆளே இல்லை. எழுதினவருக்கே தெரியாது. பதினோரு வருஷத்துப் பாட்டு மொத்தமும் ஒரே நொடியில் சந்தேகத்தில் விழுந்துவிட்டது.

அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். தங்கை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஆத்திரம் தாங்காமல் அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

‘இதழ் வந்த பிறகு ஒரு மாதம் பயந்துகொண்டே இருந்தேன். பாட்டில் நிறுத்தமே இல்லையே என்று ஒருவராவது எழுதுவார்கள் என்று நினைத்தேன். ஒரு தபால் அட்டைகூட வரவில்லை. அட, நிறுத்தம் பிரமாதம் என்று இருபது கடிதம் வந்தது. பத்திரிகை அன்றைக்கே செத்துவிட்டது அம்மா. ஆறு வருஷத்தில் கண்டுபிடித்தது நீங்கள் ஒருவர்தான். எப்படிக் கேட்டீர்கள்?’

அழ வந்தவர்கள் எல்லாரும் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள்போல நின்றார்கள். கைகோத்திருந்த தம்பதியின் கைகூடப் பிரிந்திருந்தது.

தங்கைதான் பதில் சொன்னாள். அக்காவுக்குப் பதினோரு வருஷமாகக் காது இல்லை, நீங்கள் எழுதினதை மட்டும்தான் கேட்டாள் என்று. கடைசி வரிசை கட்டி வைத்திருந்த காகிதக் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மீசை அசைந்தது. பேனாவை எடுக்க மறந்துவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று பல்செட்டுக்காரி தங்கையைக் கேட்கவில்லை. தங்கையும் சொல்லவில்லை.

படியிறங்கினார்கள். டயர் கடை வாசலில் வெயில். தங்கை நடந்துகொண்டே திட்டினாள். அந்த ஆளையும் திட்டினாள், தலையாட்டினவர்களையும் திட்டினாள், வீட்டுக்குப் போய் அத்தனை புத்தகத்தையும் பழைய பேப்பர்காரனிடம் போடுகிறேன் பார் என்றாள். அக்கா அவள் உதட்டைப் பார்க்கவில்லை. பஸ் வந்தது, ஏறினார்கள், ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

பல்செட்டுக்காரி கண்ணை மூடினாள். பொய்யென்றாலும் என் பாட்டு, யார் என்ன செய்ய முடியும் என்று ஒரு வீம்பு. பலகைத் தரையைக் கொண்டுவந்தாள். காலைக் கொண்டுவந்தாள். கால் தட்ட வேண்டிய இடத்தில் உள்ளங்கையில் அந்த அடி மடமடவென்று விழுந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அதேதான். அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறொன்றைத் தொட்டாள். வயலின் எழும்புமுன் இது அவர் கேட்டதா, கேட்காததா என்று ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொன்றாகத் தேடிப் போனாள், எதுவும் தொடங்கவில்லை. கண்ணைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெரு போய்க்கொண்டிருந்தது. மனிதர்களும் வண்டிகளும் ஒரு சத்தமுமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

தங்கையின் முழங்கையை இறுகப் பிடித்தாள். காய்ச்சல் தெளிந்த நாளிலிருந்து அந்தப் பேச்சை அவள் வாயால் தங்கை கேட்டதே இல்லை.

“எனக்குக் காது கேக்கலடி” என்றாள்.

எவ்வளவு உரக்கச் சொன்னாளோ தெரியாது, முன்சீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.