கொய்யா இறுகும் வரை

இறுகிவிடாதே. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கொதித்துக்கொண்டிரு.

தாஹிரா மரக்கரண்டியை அடிவரை இறக்கிக் கிண்டினாள். அகன்ற பாத்திரத்தில் கொய்யாக்கூழும் சர்க்கரையும் இளஞ்சிவப்பாகத் தளதளத்தன. செம்பட்டித் தோட்டத்துச் சிவப்புக் கொய்யா. விதைகளைத் தனியே வேகவைத்து, துணியில் வடிகட்டிய வழுவழுப்பான நீரையும் எலுமிச்சைச் சாற்றையும் அதில் ஊற்றியிருந்தாள். ஜாம் இறுகுவதற்கு அது போதும். நேரம் மட்டும் கொடுக்க வேண்டும்.

அந்த நேரம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பேகம்பூரில் அந்த வீட்டுக்குள் அவள் பெயர் நாள் முழுவதும் யார் வாயிலாவது இருக்கும். கணவன் அப்பாஸுக்கு வண்டிச்சாவி காணாமல் போகும். மாமிக்கு முழங்காலில் தைலம் தேய்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் வந்துவிடும். ஜாம் அடுப்பில் இருக்கும்போது மட்டும் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், மாமி அழைத்தாரென்று கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். திரும்புவதற்குள் எல்லாம் அடிபிடித்துக் கருகிவிட்டது. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அவள் அழுததைப் பார்த்த மாமி, "ஜாம் கிண்டுறப்ப அவள யாரும் கூப்பிடாதீக" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை மாமியும் இதுவரை மீறியதில்லை.

கூழ் கொதிக்கத் தொடங்கும் சத்தம், நின்றிருக்கும் பேருந்து உறுமுவதைப் போல இருக்கும். உடனே அவள் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் இருப்பாள். கையில் பை இல்லை. கொடைக்கானல் வண்டியில் ஜன்னலோரம் உட்காருவாள். பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். கண்டக்டர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்காமலே கடந்துபோவார். தென்னந்தோப்புகள் கீழே இறங்கும். சமவெளியின் வெயில் ஒரு பழைய சேலையைப் போல மெல்ல நழுவிவிழும். வளைவுகளில் பேருந்து சாயும்போது அவளும் சாய்வாள். அங்கே அவளுக்குப் பெயர் கிடையாது.

பேருந்து உச்சிவரை போனதே இல்லை. ஏதோ ஒரு வளைவில் கரண்டி கனத்துவிடும். ஜாம் சொட்டுச் சொட்டாக விழாமல், ஒன்றாகச் சேர்ந்து தகடுபோல் வழியும். அத்தோடு வண்டி நின்றுவிடும்.

அதனால் கொஞ்ச காலமாக ஒரு தந்திரம் செய்துவந்தாள். பாதி பழுத்த செங்காய்களைக் கலந்தால் சீக்கிரம் இறுகும் என்பது அவளுக்குத் தெரியும். அவற்றையெல்லாம் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வீட்டாருக்குத் தின்னக் கொடுத்துவிடுவாள். கனிந்த பழங்கள் மட்டும் பாத்திரத்துக்கு. அவை இறுக நெடுநேரம் எடுத்துக்கொள்ளும்.

இன்று பேருந்து அவள் பார்த்திராத வளைவுக்கு வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ மிதந்தது. மேகமா, அடுப்பின் ஆவியா? கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"மதினி! என்ன, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறீக?"

அப்பாஸின் தங்கை ரஃபியா. மதுரையில் வாழ்க்கைப்பட்டவள், நேற்றுதான் வந்திருந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

"வா ரஃபியா." கை கிண்டுவதை நிறுத்தவில்லை.

"இதப் பாருங்க. பழத்துலருந்தே எடுத்த பொடியாம், ஜாமுக்குன்னே விக்கிறாக. ஒரு கரண்டி போட்டா டக்குனு இறுகிரும். நீங்க என்னடான்னா மலைக்கு ரோடு போடுற மாதிரி இம்புட்டு நேரம் கிண்டுறீக!"

மலை என்ற சொல்லைக் கேட்டதும் தாஹிராவின் கை ஒரு கணம் நின்றது.

கூடத்திலிருந்து மாமியின் குரல் வந்தது. "என்னடி அது?"

"இனிமே உங்க மருமக அடுப்படியிலயே கெடக்க வேணாம்மா! கூப்பிட்டா ஒடனே ஓடி வந்துருவாக!"

"அல்ஹம்துலில்லா! இப்பவே போடச் சொல்லு. எனக்கும் காலு இழுக்குது."

அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதுதான் கஷ்டம். அதட்டியிருந்தால் மனதுக்குள் கோபப்பட்டுக்கொள்ளலாம். தன் மேல் இரக்கப்பட்டு மதுரையிலிருந்து பொட்டலம் வாங்கி வந்தவளிடம் என்ன சொல்வது? முதல் வளைவுக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிடும் என்றா? இந்த முறை மட்டும் போட்டால் என்ன என்று நினைத்துப் பார்த்தாள். இந்த முறையோடு முடியாது. ஜாம் சட்டென்று இறுகும் என்று ஒருநாள் தெரிந்துவிட்டால், அப்புறம் எந்த நாளிலும் அவளைக் கூப்பிடலாம்.

ரஃபியா பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, கரண்டி நிறையப் பொடியை அள்ளினாள். பதம் பார்ப்பதற்காகக் குளிர்பெட்டியில் வைத்திருந்த தட்டைத் தாஹிரா எடுத்தாள். அதில் ஒரு துளி ஜாமை விட்டுச் சாய்த்தாள். துளி விளிம்புவரை வழிந்தது.

"பாருங்க, தண்ணியா ஓடுது!"

"ஓடட்டும்."

"விளையாடாதீக மதினி. போடவா?"

பாத்திரத்துக்கு மேலே நீண்ட அந்தக் கையைத் தாஹிரா மெதுவாகப் பிடித்தாள். ரஃபியாவின் விரல்களில் ஒட்டியிருந்த பொடி அவள் விரல்களிலும் ஒட்டியது. தள்ளாமல், பிடித்தபடியே அந்தக் கையை அடுப்பைவிட்டு விலக்கினாள்.

"வேணாம் ரஃபியா."

"ஏன் மதினி?"

"இது தன்னால இறுகும். இன்னும் நேரமாகும்னு மாமிகிட்ட சொல்லு."

சொல்லிவிட்டு, அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள்.