ஸ்டியரிங்கில் தொங்கிய குறடு

பிலோமின்ராஜ் அண்ணனின் சுண்டுவிரலில் சோப்பைத் தேய்த்து அந்த வளையத்தை இழுத்துக்கொண்டிருந்தான். வருவேனா என்றது அது. செபமாலை சுற்றப்போகிற கையில் எண்ணெய்க் கறுப்பு ஏறிய இரும்பு எதற்கு என்பது அவன் கட்சி. குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டையும் மாட்டியாகிவிட்டது. இந்த ஒரு விரல்தான் அடம்பிடித்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வியாகுலம்மாள் அப்போதுதான் புருஷனின் கையைப் பார்த்தாள். காலையில் பழையது சாப்பிட்டுவிட்டு, மாம்பழச் சாலைக்குப் பின்னால் இருக்கும் பஸ் ஷெட்டுக்கு நடந்து போன மனுஷன். வெயில் ஏறுவதற்குள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள். வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். டாக்டர் வந்தபோது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்திருந்த பெண்கள் அதையே ஒரு குறையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"விட்டுடுங்க தம்பி" என்றாள் கொழுந்தனிடம். சொல்லிவிட்டு அந்த வளையத்தையே பார்த்தாள்.

அது மோதிரமில்லை. பஸ்ஸில் பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாயை இரும்புக் குழாயோடு சேர்க்கிற இடத்தில் போடுகிற வளையம். அவள் புருஷன் அற்புதசாமிக்கு ஷெட்டில் இதுதான் வேலை. பழைய வளையத்தை அறுத்து எறிவார். புதியது தொலையாமல் இருக்கச் சுண்டுவிரலில் மாட்டிக்கொள்வார். பிறகு குழாயை உருவி, வளையத்தை ஏற்றி, மறுபடி செருகி, நீளக் கைப்பிடி வைத்த குறடால் ஒரே நெரி. வளையம் ரப்பரைக் கவ்விக்கொள்ளும், அதற்கப்புறம் அசையாது.

நெரிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்தக் குறடு வண்டியின் ஸ்டியரிங்கில் தொங்கும். பூட்டுப் போட்ட மாதிரிதான். அது தொங்குகிற வண்டியை எந்த டிரைவரும் தொடமாட்டான். முதலாளியே ஒரு தரம் அவசரமென்று கத்திப் பார்த்தார். இவர் அடியில் படுத்தபடியே மாதா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கிடையாது.

வளையம் இன்னும் விரலில் இருக்கிறது. அப்படியென்றால் ஏதோ ஒரு வண்டியில் குழாய் சும்மா செருகினாற்போல் நிற்கிறது.

"கொறடு எங்க?" என்று கேட்டாள்.

வாசற்படியில் கண் சிவந்து நின்றிருந்த டிரைவர் குத்புதீன் கட்டிலின் கால்மாட்டைக் காட்டினான். தூக்கிக்கொண்டு வந்த நாலு பேரில் அவனும் ஒருவன். குறடைத் துடைத்து, பழைய பனியன் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தான்.

"அண்ணன் பொருளு. ஷெட்டுல கெடந்தா யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு நாந்தான் கொண்டாந்தேங்க்கா."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஸ்டியரிங்லேருந்து..." என்றவன் அப்படியே நின்றுவிட்டான்.

எந்த வண்டி என்று அவள் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான், லால்குடி வண்டி என்று. அவன் இங்கே இருந்த நேரத்தில் அந்த வண்டி டிரைவர் செபஸ்தியான் டூட்டிக்கு வந்திருக்கிறான். ஸ்டியரிங் காலியாக இருந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வியாகுலம்மாளுக்கு லால்குடியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் ரோசரி. நிறைமாசம். முதலாளி நல்ல மனசோடு லால்குடி ஆபீசுக்குப் போன் போட்டு, நம் வண்டியிலேயே முன் சீட்டில் பத்திரமாக உட்காரவைத்து அனுப்பச் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்து சொன்னவன் பிலோமின்ராஜ்தான். இப்போது அவனே, வண்டி அங்கிருந்து புறப்பட்டிருக்கும், போன் போட்டும் பிரயோசனமில்லை என்றான். போகும்போது ஒன்றும் ஆகவில்லையே அண்ணி, வரும்போது மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் சொன்னான்.

"நடுவுல கொள்ளிடம் இருக்கு தம்பி" என்றாள் அவள்.

ஆடி மாசம். கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குத்புதீன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சுவரில் சாய்த்திருந்த சைக்கிள் எவனுடையது என்றுகூடக் கேட்காமல் ஏறி மிதித்துப் போய்விட்டான்.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்தது எதுவும் அவளுக்குக் காதில் விழவில்லை. பாலக்கரையிலிருந்து சவப்பெட்டி வந்து இறங்கியது. உபதேசியார் செபம் சொன்னார். பக்கத்து வீட்டு வஹீதா ஒரு டம்ளர் காபியைக் கொண்டுவந்து, ஒரு வாய் குடிங்க அக்கா என்று கெஞ்சிப் பார்த்தாள். வியாகுலம்மாள் பனியன் துணியைப் பிரித்துக் குறடை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். புத்தி கலங்கிவிட்டது, பாவம் என்றாள் ஒருத்தி, காதுபடவே.

கண்ணை மூடினால் பாலம்தான் தெரிந்தது. பாலத்தின் ஏற்றம், எதிரே வரும் மாட்டு வண்டி, செபஸ்தியானின் கால், கீழே செந்தண்ணீர். கண்ணைத் திறந்தால் அவர். மாதாவே, இவரை எடுத்துக்கொண்டாய், நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதோடு போதும் என்று மனசுக்குள் மன்றாடினாள். இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனுஷன் எதிரே கிடக்கிறார், அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. என்ன செய்வது? பயம் துக்கத்தை ஏறி மிதித்துக்கொண்டு நின்றது.

பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டாள். பொணத்தைப் போட்டுவிட்டு எங்கே போகிறாய் என்று பெண்கள் மறித்தார்கள். சேலையைப் பிடித்தார்கள். அவள் உதறிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, குறடும் கையுமாகத் திருவானைக்காவல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறொரு பஸ் வந்தது. அதன் பிறகு ஒரு லாரி. ஒவ்வொன்று வரும்போதும் நடு ரோட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பிலோமின்ராஜ் வந்து பக்கத்தில் நின்றான்.

கடைசியில் ஒரு ஜட்கா வந்தது. வண்டிக்காரன் பக்கத்தில் குத்புதீன் உட்கார்ந்திருந்தான், முழங்கையெல்லாம் ரத்தம். காலடியில் நசுங்கிப்போன சைக்கிள் சக்கரம் ஒன்று கிடந்தது. உள்ளே ரோசரி.

பாலம் ஏறுவதற்கு முன்னால், அந்தக் கரையிலேயே வண்டியைக் கண்டுவிட்டானாம். நடு ரோட்டில் சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கையை ஆட்டினானாம். செபஸ்தியான் பிரேக்கை மிதித்தது தெரிந்தது. வண்டி நிற்கவில்லை. இவன் புதருக்குள் விழுந்தான், வண்டி சைக்கிள்மேல் ஏறி இறங்கிப் போய்க் கரை மேட்டில் முட்டிக்கொண்டுதான் நின்றதாம். யாருக்கும் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தால் பாலம் என்றான்.

வியாகுலம்மாள் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தைத் தடவினாள். மறுபடியும் வயிற்றைத் தொட்டாள். அப்புறம்தான், நடு ரோட்டிலேயே உட்கார்ந்து, "ஐயோ, ஒங்கப்பா போயிட்டாரும்மா" என்று அழுதாள். தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். அப்பாடா அழுதுவிட்டாள் என்று பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள்.

பெட்டியை மூடும் நேரத்தில் குத்புதீன் மெதுவாக அவளிடம் வந்தான்.

"அந்தக் கொறடக் குடுங்கக்கா. வண்டி அங்கயேதான் நிக்குது. ஸ்டியரிங்ல மாட்டிட்டு வந்துடறேன்."

அவளுக்குக் கொடுக்கத்தான் மனசு. விரல்கள் பிரியவில்லை. ரோசரிதான் அம்மாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக விலக்கிக் குறடை வாங்கி அவனிடம் நீட்டினாள். பெட்டிக்குள் அற்புதசாமியின் கையில் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். சுண்டுவிரல் வளையத்தை யாரும் மறுபடி தொடவில்லை. மூடி இறங்கியது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் காவிரிப் பாலத்துப் பக்கம் நடந்தார்கள். வியாகுலம்மாள் வாசலில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கம், கொள்ளிடத்தை நோக்கி, குத்புதீன் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். குறடை இரண்டு கையாலும் ஏந்தி நெஞ்சோடு பிடித்திருந்தான்.